ஒசெம்போ ஒதுக்கிவைத்த டின்கறி

பாப்புவாவின் குமுசி ஆற்றங்கரையில் டின்கறியை வேண்டாமென்ற ஒரே மனிதன் ஒசெம்போதான். ஈஸ்டரோ கல்யாணமோ, சேப்பங்கிழங்குக் குவியலின் உச்சியில் டின்கறி வந்து உட்கார்ந்துவிடும். அந்த வாசனைக்கு எதிர்க்கரை முதலைகள் வாயைத் துடைத்துக்கொண்டு வரிசையில் நிற்கும். ஒசெம்போ மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெறும் கிழங்கை மெல்லுவான்.

"மாப்ளைக்கு வெறகக் குடுத்தாலும் செரிச்சிடும்," என்று அவன் மனைவி டோர்காஸின் அண்ணன் ஆம்போ, டப்பாவை வழித்து அவன் மூக்குக்கு நேரே விரலை நக்குவான்.

"நக்கு மச்சான், நல்லா நக்கு. டப்பா விளிம்பு நாக்கை அறுக்கட்டும்."

இத்தனைக்கும் காரணம் கேப்டன் லாட்டிமர். ஜப்பான்காரனோடு நடந்த சண்டைக் காலத்தில் ஒசெம்போ பாப்புவாப் படையில் சிப்பாய். அவர் அவனுடைய ஆஸ்திரேலிய அதிகாரி. கோபம் வந்தால் தன் தொப்பியையே போட்டு மிதிப்பார். ஒருநாள் மழையில், ஒசெம்போ குடும்பத்துக்குச் சொந்தமான காட்டிலேயே, இருவரும் ஒரு டின்னைப் பங்கு போட்டார்கள். பாதியைத் தின்றவர் மீதியை அவனிடம் நீட்டிவிட்டு, பாதையைப் பார்க்க எழுந்தார். ஜப்பான்காரன் சுட்டுவிட்டான். டின் ஒசெம்போவின் கையிலேயே இருந்தது.

பிறகு ராணுவம் எலும்புகளை எடுத்துக்கொண்டு போய்த் தன் கல்லறை வரிசையில் சேர்த்தது. ஆனால் துக்கத்தை எடுத்துப்போக யாரும் வரவில்லை. ஊர் வழக்கப்படி, செத்தவனோடு கடைசியாக எதைத் தின்றோமோ அதை ஒதுக்கவேண்டும். விழுந்த இடத்தில் புல் வெட்டி, வேலி கட்டி, எதுவும் நடாமல் காக்கவேண்டும். செத்தவனின் ரத்த உறவு வந்து, ஒதுக்கிய உணவைத் தன் கையால் ஊட்டினால்தான் விடுதலை. உறவு பக்கத்து ஊரென்றால் சில மாதம். கடலுக்கு அப்பால் என்றால்?

முப்பது வருஷம் கழித்து லாட்டிமரின் தங்கை ஐலீன் வந்தாள், அண்ணன் பெயர் பொறித்த செம்புத் தகட்டோடு. ஊர் பன்றி அடித்தது. ஒசெம்போ இலையில் டின்கறியை வைத்து அவள் முன் தள்ளிவிட்டு, வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்தான்.

"இவருக்குப் பல் வலியா?" என்றாள் ஐலீன்.

ஒசெம்போ வாயை மூடி, பட்டாளத்தில் கற்ற இங்கிலீஷில் விஷயத்தைச் சொன்னான்.

"ஊட்டிட்டா அப்புறம்?"

"துக்கம் முடிஞ்சுது தங்கச்சி. வேலியைப் பிரிச்சுட்டுக் கிழங்கு நடுவேன்."

அவள் கை பின்வாங்கியது. "அப்போ இங்க அவனை யாரு நெனைப்பாங்க? நான் இந்தத் தகட்டை அங்க வைக்கலாம்னு வந்தேன்."

"நீங்க தகடு வச்சு ஆளைப் பிடிச்சு நிறுத்துறீங்க. நாங்க வழியனுப்பி வைக்கிறோம். பாவம், கேப்டன் எத்தன காலம் இந்த மழையில நிப்பாரு?"

ஐலீன் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, சீக்கிரம். ஈ முந்திக்கும்," என்றான் ஆம்போ. டோர்காஸ் அவன் தொடையைக் கிள்ளினாள்.

"கடைசியா அவன் என்ன சொன்னான்?" என்று ஐலீன் கேட்டாள்.

ஒசெம்போ சற்றுத் தயங்கினான். "உப்பு ஜாஸ்தி, நீயே தின்னுன்னாரு."

ஐலீன் பக்கென்று சிரித்துவிட்டாள். "எங்கம்மா சமையலையும் தினம் இதேதான் சொல்லுவான்." கண்ணைத் துடைத்த அதே கையால் ஒரு கவளம் எடுத்து அவன் வாயில் வைத்தாள்.

ஒசெம்போ நிதானமாக மென்று விழுங்கினான். ஊரே அவன் தொண்டையைப் பார்த்தது.

"உப்பு ஜாஸ்திதான்," என்றான். "இன்னொன்னு."

"போச்சு, என் பங்கு போச்சு!" என்று ஆம்போ தலையில் கைவைத்தான்.

மறுநாள் வேலியைப் பிரித்தபோது ஐலீனும் ஒரு பக்கம் பிடித்தாள். தகட்டைப் பெட்டியிலேயே வைத்துக்கொண்டு படகேறினாள். அந்த மண்ணில் அடுத்து விளைந்த கிழங்கைத் தூக்க நாலு பேர் வேண்டியிருந்தது; அதில் மூன்று பேருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது.