தார்பாய்ச்சிக் கட்டிய சேலை

எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு துணி டிசைன் படிப்பில் சேர்ந்தேன். அறுபதுகளின் தொடக்கம் அது. பெங்களூரில் பெண்பிள்ளை படித்தால் டீச்சர், இல்லையென்றால் நர்ஸ். ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்துக்காரர்கள், துணிக்குப் பூப்போட ரெண்டு வருஷப் படிப்பா என்று அம்மாவைக் கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். அம்மா கார்ப்பரேஷனில் ரோடு கூட்டுகிறவள். ஆமாம், படிப்புதான் என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை மூலையில் சாத்துவாள்.

கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைவோம். எந்தக் கட்டத்தில் சிவப்பு அடிக்கிறோமோ அங்கே நீளவாக்கில் ஓடும் பாவு நூல் மேலே எழும்பும். எல்லோரும் மாங்காயும் அன்னமும் வரைந்தார்கள். எனக்கு மாங்காய் மேல் ஒரு வெறுப்பு. அம்மா கூட்டிவிட்டுப் போன தெருமண்ணில் விளக்குமாறு விட்டுப்போகும் சாய்ந்த கோடுகளை வரைந்தேன்.

கடைசிப் பரீட்சைக்கு அவரவர் டிசைனை அவரவரே தறியில் நெய்து காட்ட வேண்டும். அவரவர் என்றால் பையன்கள். பெண்கள் வரைந்ததைத் தறிக்கூடத்தில் இருக்கும் நெசவாளி நெய்து கொடுப்பார். அதனால் எங்கள் சர்டிபிகேட்டில் 'சித்திரம்' என்று மட்டும் போடுவார்கள். 'நெசவு' என்று போடாத சர்டிபிகேட்டை மில் டிசைன் பிரிவில் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். எனக்கு மில் வேலை வேண்டும். நெசவு மாஸ்டர் பின்னாலேயே அலைந்து, பரீட்சைக்கு முன்னால் தறியில் உட்கார்ந்து பார்க்க ஒரு நாள் அனுமதி வாங்கினேன்.

காலடியில் ஆறு மிதிக்கட்டைகள். கால் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் போய்வர வேண்டும். கொசுவம் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. நான் இழுத்த இழுப்பில் கால் வழுக்கி, பாவு நூல் கொத்தாக அறுந்தது. பையன்கள் சிரித்தார்கள். சேலை மாட்டிக்கொண்டது என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றார் மாஸ்டர். அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தார்.

"சீலை கட்டிக்கிட்டு மிதி போட ஆகாதும்மா. ஆளு நெய்யட்டும். பேரு உன்துதானே?"

"பேரு மட்டும் என்துன்னா, கை யாருது சார்?" என்றேன்.

அவர் குனிந்து அறுந்த நூலை முடியத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து ஆத்திரத்தில் அழுதேன். அம்மா தேற்றவில்லை. எழுந்திரு என்றாள். என் கொசுவத்தை உருவி, கால்களுக்கு நடுவே கொடுத்து இழுத்து, பின்னிடுப்பில் இறுக்கிச் சொருகினாள். சேலை முழங்காலுக்கு ஒரு சாண் கீழே வரை மேலேறி நின்றது.

"வண்டி தள்றப்போ, சாக்கடையில எறங்குறப்போ, எனக்கு என்னிக்காச்சும் தடுக்கிச்சா?"

அந்தச் சேலைக்கட்டைப் பார்த்த மாத்திரத்தில் ரோடு கூட்டுகிற வீட்டுப் பெண் என்று ஊரே சொல்லிவிடும். சொல்லட்டும். பெரிய வீட்டு மாமிகள் கால் நடுவே பாய்ச்சிக் கட்டினால் அதற்குப் பெயர் மடிசார். என் அம்மா கட்டினால் மட்டும் மானக்கேடா?

பரீட்சையன்று அப்படியே கட்டிக்கொண்டு தறிக்கூடத்துக்குள் போனேன். "நாச்சிகே இல்லையாம்மா?" என்றார் மாஸ்டர். வெட்கம் என்பதைக் கோபம் வந்தால் கன்னடத்தில்தான் சொல்வார். வெட்கப்பட்டால் நூல் அறும் சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். கால் தாராளமாகப் போய் வந்தது. நடுவில் ஒரு இழை அறுந்தது. முடிச்சுப் போட்டு மேலே நெய்தேன். சாய்ந்த கோடுகள் ஒவ்வொன்றாக ஏறி வந்தன.

வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி துணியைத் திருப்பிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். யார் நெய்தது என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் பார்வை என் காலுக்குப் போனது. இந்தக் கட்டு எங்கே கற்றுக்கொண்டாய் என்றார்.

"எங்கம்மா ரோடு கூட்டறப்போ இப்படித்தான் கட்டிக்கும் சார்."

அதிகாரி துணியை மடித்து வைத்துவிட்டு, இந்தப் பெண்ணுக்கு நெசவு என்றே போடுங்கள் என்று மாஸ்டரிடம் சொன்னார்.

அன்று சாயங்காலமே குரூப் போட்டோ. பெண்களுக்கு முன்வரிசையில் நாற்காலி. போட்டோவுக்காவது ஒழுங்காகக் கட்டிக்கொள் என்றார் மாஸ்டர். ஒழுங்காகத்தான் கட்டியிருக்கிறேன் என்றேன். அப்படியானால் பின்வரிசையில் போய் நில் என்றார். நான் முன்வரிசை நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். போட்டோக்காரருக்கு வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. அவர் காத்திருக்காமல் எடுத்துவிட்டார்.

போட்டோ வீட்டுக்கு வந்தது. மறுநாள் அம்மா அதை ஒரு துணியில் சுற்றி வேலைக்கு எடுத்துப்போனாள். கூட வேலை செய்கிறவர்கள் சுற்றி நின்று, இதில் உன் மகள் யார் என்று கேட்டார்களாம்.

"காலு தெரியுது பாரு, அவதான்" என்று விரல் வைத்துக் காட்டினாளாம் அம்மா.