மஞ்சக் கடுதாசியில் ஏறிய மொய்

வக்கீல் குமாஸ்தாவாக இருந்து வயிறு வளர்த்தவர்களுக்குத் தெரியும், கட்சிக்காரன் பாதி உண்மையை வீட்டில் வைத்துவிட்டுத்தான் நம்மிடம் வருவான். முழு உண்மையோடு வந்த ஒருவரிடம் நான் பட்ட பாட்டைக் கேளுங்கள்.

வெற்றிலை பாக்கு

மார்க்கையன்கோட்டை சடையாண்டிக்கு வெற்றிலைக் கொடிக்கால் நோயில் போய்விட்டது. மகள் கல்யாணத்தைத் தையில் வைத்திருந்தார். வட்டிக்கடைக்காரர் டிக்கிரி வாங்கி, ஜெயிலில் போட கோர்ட் அமீனாவைக் கிளப்பிக்கொண்டிருந்தார். இன்சால்வென்சி மனு, அதாவது மஞ்சக் கடுதாசி, கொடுத்தால் ஜெயிலைத் தடுக்கலாம், அதுவரை யாரிடமும் மூச்சு விடாதீர்கள் என்றார் எங்கள் உத்தமபாளையம் வக்கீல். மனுஷர் நேரே வட்டிக்கடைக்குப் போய், வெற்றிலை பாக்கு வைத்து மனு விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்து நின்றார். காரியத்தைக் கெடுத்தீர்களே என்றேன்.

"வாங்கிச் சாப்ட்டது அவுககிட்ட. அவுகளுக்குச் சொல்லாமச் செஞ்சா மொறையா, குமாஸ்தாய்யா?"

ஒன்று விடாமல்

அமீனா வருவதற்குள் மனு போயாக வேண்டும். யாருக்கெல்லாம் தர வேண்டும், ஒன்று விடாமல் சொல்லுங்கள், மறைத்தால் கோர்ட் சும்மா விடாது என்றேன். அவர் பெயரும் தொகையுமாகச் சொல்லச் சொல்ல எழுதி என் கை கடுத்துப்போனது. அவசரத்தில் வக்கீலும் படித்துப் பார்க்கவில்லை. கைது கூடாதென்று உத்தரவு கிடைத்தது. பெயர் கண்ட அத்தனை பேருக்கும் நோட்டீசும் போனது.

ஓடைப்பட்டியிலிருந்து சடையாண்டியின் மனைவிக்கு அண்ணன் செல்லையா, நோட்டீசும் கையுமாக வந்தார். தங்கை மகள் சடங்குக்கு அவர் செய்த மொய், கடனாக அதில் ஏறியிருந்தது. மொய் செய்த சொந்தம் முழுவதற்கும் அதே கதைதான். சடையாண்டியைக் கூப்பிட்டு, மொய் எப்படிக் கடனாகும் என்று கேட்டேன்.

"திருப்பிச் செய்யணும்ல? அப்பக் கடன்தான?"

கோர்ட் வாசல்

விசாரணையில் வட்டிக்கடைக்காரர் எவ்வளவோ மல்லுக்கட்டினார். எதையும் மறைக்காத மனிதர் என்று ஜட்ஜ் சடையாண்டி பக்கமே தீர்ப்புச் சொன்னார். ஜெயில் பயம் தீர்ந்தது. சந்தோஷமாக வெளியே கூட்டி வந்தேன்.

வாசலில் சொந்தக்காரர்கள் நின்றார்கள். சடையாண்டி கையெடுத்துக் கும்பிட்டார். பதிலுக்கு ஒரு கையும் எழவில்லை. செல்லையா மட்டும் பேசினார். குரலில் கோபமே இல்லை.

"எங்க கணக்க கோர்ட்டுல வச்சு முடிச்சிட்டீக, மாப்ள. தையில பத்திரிகைய எடுத்துக்கிட்டு ஓடைப்பட்டிப் பக்கம் வந்துறாதீக."

கடன்காரனிடமிருந்து காப்பாற்ற எங்கள் வக்கீலிடம் சட்டப் புத்தகம் இருந்தது, சொந்தக்காரனிடமிருந்து காப்பாற்றும் புத்தகத்தை அலமாரி முழுக்கத் தேடியும் காணோம்.