பின்கதவுக்குப் பின்னால் ஒரு காலி மனை

“சும்மா ஒருத்தரும் நல்லது பண்ண மாட்டாங்க. பின்னாடி ஏதோ இருக்கு.”

என் அத்தை இதைச் சொல்லாத நாள் கிடையாது. பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், அதில் உட்கார்ந்துகொண்டே சொல்வார். மழை வேண்டிய அளவுக்குப் பெய்தால் மேகத்தைப் பார்த்துச் சொல்வார். அதை அவரைப் போலவே சொல்லிக்காட்ட வேண்டுமென்றால் உதட்டோரத்தில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு, அந்தக் கடைசி ‘இருக்கு’வை மூக்கால் இழுக்க வேண்டும்.

அத்தை தையல்காரி. வாடிக்கையாளர் வாயால் சொல்லும் அளவை நம்பியதே இல்லை. டேப்பை இடுப்பில் சுற்றியதும் எல்லாரும் வயிற்றை உள்ளே இழுப்பார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால், “உங்க நாத்தனார் சண்டை தீர்ந்துச்சா?” என்பார். அந்தம்மா பெருமூச்சு விடும் நேரத்தில் டேப்பை இறுக்கிவிடுவார்.

கடை, ரயில் பெட்டி மாதிரி நீளமான ஓர் அறை. முன்பக்கம் தகரக் கூரை தாழ்ந்து இறங்கியதால் பட்டப்பகலிலும் இருட்டு. வெளிச்சம் முழுக்கப் பின்கதவு வழியாகத்தான் வரும். மிஷினை அந்தக் கதவோரம்தான் போட்டிருந்தார். கதவைத் தாண்டினால் காலி மனை. தெருவே குப்பை கொட்டும் இடம்.

அந்த முன்பக்கத் தகரக் கூரைக்குக் கீழேதான் எங்கள் தெரு இளைஞர் குழு கூடும். எங்கள் தலைவனுக்குப் பட்டப்பெயர் ‘மைக்’. எதிரே ஒரே ஆள் இருந்தாலும் மாநாட்டில் பேசுவதுபோல், “நண்பர்களே” என்றுதான் ஆரம்பிப்பான். இன்னொருத்தி நர்ஸுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளை ‘நர்ஸம்மா’ என்போம்.

அன்றைக்குத் தெருநாயா, தெருவிளக்கா, குப்பை மனையா, எதை முதலில் சரிசெய்வது என்று விவாதம்.

“நாய் கடிச்சா ஊசி இருக்கு,” என்றாள் நர்ஸம்மா. “இந்தக் கொசு தெருவுல ஒரு குழந்தையை விட்டு வைக்கலை. எங்க அக்கா பொண்ணு இன்னும் காய்ச்சல்ல படுத்திருக்கா. மனையைச் சுத்தம் பண்ணுவோம்.”

உள்ளே மிஷின் சத்தம் நின்றது. அத்தை ஒட்டுக்கேட்கிறார் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் ஆளே வெளியே வந்தார்.

“யார் சொல்லி இதைப் பண்றீங்க?”

“யாரும் சொல்லலை அத்தை. சேவை,” என்றான் மைக்.

“நான் எப்போடா உனக்கு அத்தையானேன்? எலெக்‌ஷன்ல நிக்கப் போறியா?”

“எனக்கு இன்னும் ஓட்டே வரலை அத்தை.”

“அப்போ உங்கப்பா நிக்கிறாரா?”

நான் நடுவில் புகுந்து, “அத்தை, நிஜமா உங்களுக்கு என்ன பயம்?” என்றேன்.

அவர் ஊசிகளை வாயிலிருந்து எடுத்தார். அது அபூர்வம். “அந்த இடம் நாறுற வரைக்கும் இடத்துக்காரர் எட்டிப் பார்க்க மாட்டார். நீங்க பளிச்சுன்னு ஆக்குனா வந்து நிப்பார். என் கதவை ஒட்டிச் சுவர் எழுப்புவார். அப்புறம் கறுப்புத் துணியை நான் இருட்டுல தடவித்தான் தைக்கணும். போங்க, வேற சேவை பாருங்க.”

யாரும் வேறு சேவை பார்க்கவில்லை. போதாக்குறைக்கு, குழுவுக்குப் பச்சை நிறத்தில் மேலங்கி தைக்கும் வேலையையும் அவரிடமே கொடுத்தோம். சமாதானம் ஆகிவிடுவார் என்று மைக்கின் கணக்கு. வாங்கிக்கொண்டார். “இதுக்கும் பின்னாடி ஏதோ இருக்கு,” என்று சொல்லித்தான் வாங்கினார்.

பச்சை மேலங்கியோடு இறங்கி மனையைச் சுத்தம் செய்தோம். விடிந்து பார்த்தால் மறுபடி குப்பை. மறுபடி அள்ளினோம். மறுபடி குப்பை. டீக்கடைக்காரரா, எதிர்வீட்டுத் தாத்தாவா என்று எங்களுக்குள்ளேயே சந்தேகம் கிளம்பியது. அத்தையின் வியாதி எங்களுக்கும் தொற்றிவிட்டது. மைக்கையே ஒருவன் ஒரு மாதிரி பார்த்தான்.

கடைசியில் நர்ஸம்மாதான் ஒரு குச்சியால் குப்பையைக் கிளறினாள். வாழைப்பழத் தோலுக்கு அடியிலிருந்து பச்சைத் துண்டுத்துணி வந்தது. எங்கள் மேலங்கிப் பச்சை. அரைவட்டமாக இருந்தது. கழுத்துக்கு வெட்டிய மிச்சம்.

அதை எடுத்துக்கொண்டு எல்லாரும் அத்தை முன்னால் போய் நின்றோம்.

“காத்துல பறந்திருக்கும்,” என்றார், தலை நிமிராமல்.

“பறந்து போய்ப் பழத்தோலுக்கு அடியிலயா அத்தை?” என்றேன்.

“காத்து பலமா அடிச்சுது.”

நர்ஸம்மா கோபப்படவில்லை. “குழந்தைக்கு இன்னும் காய்ச்சல் விடலை அத்தை,” என்றாள். அத்தை மிஷினில் காலை வைத்தார், எடுத்தார். அதன் பிறகு குப்பை வரவில்லை.

மனை சுத்தமானது. மைக் அதோடு நிறுத்தியிருக்கலாம். “இந்த இடம் எல்லாருக்கும்” என்று ஒரு போர்டு எழுதி நட்டு, போட்டோ பிடித்து ஊருக்கெல்லாம் போனில் அனுப்பினான். அத்தை போர்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார். “சொந்தச் செலவுல வினையை வாங்குறான் பாரு.”

இடத்துக்காரர் வந்தேவிட்டார். கூடவே டேப்போடு ஓர் அளவுக்காரர்.

“ரொம்ப சந்தோஷம் பசங்களா,” என்றார், தொண்டையில் நெய் தடவிய குரலில். “ஆள் வச்சுச் சுத்தம் பண்ணணும்னு இருந்தேன். நீங்களே முடிச்சுட்டீங்க. இங்க ஒரு குடோன் கட்டலாம்னு யோசனை. அது சரி, எல்லாருக்கும்னு போர்டு வச்சீங்களே, யாரைக் கேட்டு?”

மைக்குக்கு ‘நண்பர்களே’கூட வரவில்லை. அளவுக்காரர் டேப்பின் ஒரு முனையை அத்தையின் பின்வாசற்படியில் வைத்து அழுத்தினார். சுவர் அங்கே வரப்போகிறது. எங்களில் யாருக்கும் அத்தையின் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை.

அத்தை எழுந்து வந்தார். இடத்துக்காரரை ஓரமாக அழைத்தார். குரல் தேன்.

“அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த அளக்குறவர் உங்க ஆள்தானா?”

“ஆமா. ஏன்?”

“ஒண்ணுமில்லை. இவர் வேற யாரோ ஒரு பெரிய மனுசனோட ஏற்கெனவே வந்து அளந்துட்டுப் போன மாதிரி இருந்துச்சே. பத்திரமெல்லாம் உங்ககிட்டதானே இருக்கு?”

இடத்துக்காரரின் முகத்திலிருந்த நெய் உறைந்தது. திரும்பி அளவுக்காரரைப் பார்த்தார். அவர் பார்த்த பார்வையில் டேப் தானாகச் சுருண்டு உள்ளே போனது.

“நான் இங்க வர்றதே இதுதான் முதல் தடவை சார்,” என்றார் அளவுக்காரர்.

“நான் இன்னும் ஒண்ணுமே கேட்கலையே. அதுக்குள்ள எதுக்குப் பதில்?” என்றார் இடத்துக்காரர்.

இருவரும் ஒரே வண்டியில் வந்தவர்கள். போகும்போது அளவுக்காரர் நடந்து போனார். இடத்துக்காரர் அதன் பிறகு மூன்று வக்கீல்களைப் பார்த்ததாகக் கேள்வி. ஒருவரையும் நம்ப முடியவில்லையாம். மனை அப்படியே கிடக்கிறது, சுத்தமாக. பின்கதவும் திறந்தே கிடக்கிறது.

வண்டி தெருமுனை திரும்பியதும் மைக் மெதுவாகக் கேட்டான்: “அத்தை, அந்த அளவுக்காரர் நிஜமாவே முன்னாடி வந்தாரா?”

அத்தை ஊசிகளை மறுபடி உதட்டில் கடித்துக்கொண்டார்.

“வந்தாருன்னு நான் எங்கடா சொன்னேன்? வந்த மாதிரி இருந்துச்சேன்னு கேட்டேன். சந்தேகப்படுறதுக்கெல்லாம் சாட்சி கேட்டா மனுசன் எப்படிப் பொழைக்கிறது? முதல்ல போய் அந்தப் போர்டைப் பிடுங்கு. பிடுங்கிட்டு வந்து, இவ்வளவு அக்கறையா நீ இதை ஏன் கேக்குறேன்னு எனக்குச் சொல்லு.”