ரியாத்திலிருந்து பதினாலு மணித்தியாலம்

ரியாத்திலிருந்து கொழும்புக்கு நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். எனக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை, தான் கொழும்பு வந்து சேரப் பதினாலு மணித்தியாலம் போகும் என்று தொலைபேசியில் சொன்னார். எனக்குச் சந்தேகம் தொடங்கியது அங்கேதான்.

நான் பல்லேகலவில் ஒரு தொழிற்சாலையில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பவள். ஒன்பது மணித்தியாலப் பிழையைச் சும்மா விட என்னால் முடியாது. வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்குப் பிறகு, வத்தேகமவிலுள்ள அவருடைய வீட்டாருக்கு எங்கள் பதிலைச் சொல்ல வேண்டும். சம்மதமென்றால் அன்றே நாள் குறித்துவிடுவார்கள்.

அவர் பேச்சில் பொருந்தாதவற்றை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ரியாத்தில் எந்தப் பக்கம் என்று கேட்டால், "கொஞ்சம் வெளிய" என்பார். பின்னால் வாகனச் சத்தம் ஒருநாளும் கேட்டதில்லை. ஜெனரேட்டர் மட்டும் இரையும். வீடியோவில் வரச் சொன்னால் சிக்னல் இல்லை. தலைநகரத்திலா சிக்னல் இல்லை? வழியில் விமானம் மாறுகிறாரோ என்று அதையும் கேட்டிருந்தேன். நேரடி விமானம்தான் என்றார்.

உம்மாவிடம் சொன்னேன்.

"அந்தப் புள்ள கணக்குல வீக்கா ஈக்கும்," என்றார் உம்மா, வெங்காயம் உரித்தபடி. "நீ மாப்புள பாக்கிறியா, மீட்டர் பாக்கிறியா?"

"அவர் ரியாத்திலயே இல்லாட்டி?"

உம்மாவின் கை நின்றது. எங்கள் ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, ஒருத்திக்கு அப்படி நடந்திருந்தது. டோஹாவில் வேலையென்று கட்டிக்கொடுத்த மாப்பிள்ளை, கொழும்பில் இன்னொரு குடும்பத்தோடு இருந்தார்.

"அப்ப நீயே கேளு," என்றார். "வாப்பாட காதுக்குப் போக முந்தி."

வியாழக்கிழமை மதிய இடைவேளையில், கன்டீனுக்குப் பின்னால் நின்று அவரை அழைத்தேன்.

"அஞ்சு மணித்தியாலத்துல வாற இடத்துக்கு எப்படிப் பதினாலு வருது?"

"பிளேன் அஞ்சுதான். ரூம்லேந்து வெளிக்கிட்டு பிளேன் ஏறவே ஒம்பது போகுமே."

"ரியாத்துக்குள்ளயா ஒம்பது?"

ஜெனரேட்டர் இரைச்சல் குறைந்தது. தள்ளிப் போய் நின்று பேசினார்.

"நான் ஈக்கிறது பாலைவனத்துல ஒரு வேலக் கேம்ப்ல. பேரச் சென்னா ஒருத்தருக்கும் தெரியாது. இங்க எல்லாரும் ரியாத் எண்டுதான் செல்றது. நீங்களும் கண்டி எண்டுதானே சென்னீங்க? உங்கட வீட்டுக்குத் திகனயில எறங்கி, த்ரீவீல்ல மலை ஏறி, அங்கேந்து படியாம். எங்க உம்மா பொண்ணு பாத்துட்டு வந்து ரெண்டு நாள் காலுக்கு எண்ணெய் தடவினாங்க."

சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். வெளியூரில் நாங்கள் எல்லோரும் கண்டிதான். திகன என்று சொன்னால், அது எங்கே என்று அடுத்த கேள்வி வரும்.

"லொகேஷன் அனுப்புங்க."

"இப்பவா?"

"இப்ப."

அனுப்பினார். வரைபடத்தில் வெறும் பழுப்பு. பக்கத்தில் ஊரே இல்லை. ரியாத் விமான நிலையத்துக்கு வழி போட்டுப் பார்த்தேன். ஆறு மணித்தியாலம் காட்டியது. அங்கே காத்திருக்கும் மூன்றைச் சேர்த்தால் ஒன்பது. கணக்குப் பொருந்தியது. பொருந்தியதும் சந்தேகம் இடம் மாறியது: நான் துருவிக் கேட்கும்வரை இதை ஏன் சொல்லவில்லை? தெரியாத பேரைச் சொல்லச் சோம்பலா, பாலைவனம் என்றால் பெண் கிடைக்காது என்ற பயமா? இதை வரைபடத்தில் பார்க்க முடியாது.

வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வாப்பா பள்ளிவாசலிலிருந்து வருமுன் உம்மா வந்து நின்றார்.

"எனத்த செல்லட்டும்?"

"சம்மதம் எண்டு செல்லுங்க. நாள் மட்டும் இப்ப வேணாம். அவர் வந்து, நான் நேர்ல பேசின பொறகு குறிப்பம்."

"கோவிப்பாங்களே."

"கோவிச்சா அதையும் பாப்பம்."

உம்மா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டு, தொலைபேசியைத் தேடினார்.