கூரை தொடாத வாடகை அறைகள்

வாசகரே, தீர்ப்புச் சொல்ல உங்களை அழைக்கவில்லை. நடந்ததற்குச் சாட்சியாக என் பக்கத்தில் நின்றால் போதும். மூன்று ஆண்டுகளுக்கு முன், ஒரு ஞாயிறு முற்பகல். இடம், மாணிக்கக்கல் தோண்டும் பெல்மதுளை நகரைவிட்டுச் சற்றே விலகிய சரிவில் நாங்கள் வாடகைக்கு விட்டிருந்த ஐந்து அறைகள்.

அப்பா தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமலாப நிதியும், அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்து அனுப்பிய பணமும் சேர்ந்து எழுப்பிய அறைகள் அவை. மாதம் பிறந்தால் வாடகை வர வேண்டும், யாரிடமும் கைநீட்டக் கூடாது என்பது அப்பாவின் கனவு. நடுச்சுவர்களை எவ்வளவு உயரத்துக்கு எழுப்புவது என்று, ‘பாஸ்’ என்று நாங்கள் அழைக்கும் கொத்தனார் கேட்டார். அப்பா தம் தலைக்கு மேல் ஒரு முழம் காட்டி, “இவ்வளவு போதும் பாஸ், அதுக்கு மேல காத்து போகட்டும்” என்றார். எங்களில் எவருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை. தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்த நாங்கள், கூரையைத் தொடும் நடுச்சுவர் உள்ள வீட்டில் ஒருநாளும் குடியிருந்ததில்லை.

ஆகவே ஐந்து அறைகளுக்கும் கூரை ஒன்று, ஓசையும் ஒன்று. ஓர் அறையில் மிளகாய் தாளித்தால் ஐந்து அறைகளும் தும்மும். ஒருவர் வானொலியில் கிரிக்கெட் கேட்டால் விக்கெட் விழுந்த செய்தி எல்லோருக்கும் போய்ச் சேரும். சென்ற ஆண்டு சுவர்களை உயர்த்திவிட்டோம், வாடகையும் உயர்ந்தது. ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் அந்தத் தும்மல்களுக்காக என் காது காத்திருக்கிறது.

அந்நாளில் மாகாண விவாதப் போட்டிகளில் என் பெயர் அறிவிக்கப்பட்டாலே எதிரணி தண்ணீர் குடிக்கும். அவ்வளவு கர்வம் எனக்கிருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. அந்த வாரம் மாணிக்கக்கல் வியாபாரி ஒருவர் நடுவிலுள்ள இரண்டு அறைகளையும் சேர்த்து இரட்டிப்பு வாடகைக்குக் கேட்டார். ஒன்று காலியாக இருந்தது. மற்றதில் பக்கத்து ரப்பர் தோட்டத்து அக்கா ஒருவர், தையல் மெஷினை வைத்துத் துணி தைத்துக்கொண்டு, இரண்டு மகள்களோடு குடியிருந்தார். மூத்தவள் நகரத்துப் பாடசாலையில் சாதாரண தரப் பொதுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அறை போனால் தோட்டத்துக்கே திரும்ப வேண்டும். அங்கிருந்து காலையில் நேரத்துக்குப் பஸ் கிடையாது.

அறையைக் காலி செய்யும்படி அக்காவிடம் சொல்ல அப்பாவுக்கு நா எழவில்லை. “நீதான் பேசத் தெரிஞ்சவன். மனசு நோகாம சொல்லிட்டு வாப்பா” என்று என்னை அனுப்பிவிட்டு, வெளியே குழாயடியில் நின்றுகொண்டார்.

நான் காலி அறைக்குள் சென்று கதவைச் சாத்தி, ஒத்திகை பார்த்தேன். அறையைக் காலி செய்ய வேண்டியதற்கு ஏழு காரணங்கள், ஏற்ற இறக்கத்தோடு, முழுக் குரலில். லயத்தில் வளர்ந்தவனுக்கு அந்தச் சுவர் எப்படி மறந்தது என்று கேட்பீர்கள். என் குரலின் அழகில் மறந்தது.

ஏழாவது காரணம் முடிந்ததும் சுவருக்கு அப்பாலிருந்து அக்காவின் குரல் வந்தது.

“பேச்சு நல்லாத்தான் இருக்குங்க தம்பி. ஆனா அந்த மூணாவது காரணம் நிக்காது.”

நான் சுவரை அண்ணாந்து பார்த்தேன். “கேட்டுக்கிட்டா இருந்தீங்க?”

“நான் எங்க கேட்டேன்? அதுவா வந்து விழுது. நீங்க கட்டின செவருதானே. பாதியில மெஷின நிப்பாட்டினேன், அது ஒங்க பேச்சுக்குக் குடுத்த மரியாதை.”

முதல் அறையில் யாரோ சிரித்தார்கள். அங்கே குடியிருந்த சிங்கள பஸ் கண்டக்டர் அவர்.

அக்கா தொடர்ந்தார். “கூட வருமானம்னு சொன்னீங்க. கல்லு வியாபாரி எத்தன மாசம் இருப்பாரு? மழ பிடிச்சா கல்லு தோண்டுற குழியெல்லாம் தண்ணி. கல்லு வராது, அவரும் ஊருக்குப் போயிருவாரு. போன மழைக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் எத்தன ரூமு பூட்டிக் கெடந்துச்சுன்னு போய்ப் பாத்தீங்களா? எனக்கு மழையும் வெயிலும் ஒன்னு. ஒரு மாசம் தவறியிருக்கேனா? மகளுக்குப் பரீட்ச இருக்கு, தெரியும்தானே. அதச் சொல்லி நான் கெஞ்சல. ஒங்க பக்கத்துக் கணக்கத்தான் சொல்றேன்.”

மேடையில் நான் எந்தப் பக்கம் பேசினாலும், முடிந்ததும் எல்லோரும் தேநீர் குடித்துவிட்டு வீட்டுக்குப் போவோம். இங்கே நான் வென்றிருந்தால், ஒரு பிள்ளை புத்தகங்களைக் கட்டிக்கொண்டு போயிருப்பாள்; எங்கள் அறைகளும் மழைக்காலம் முழுதும் பூட்டிக் கிடந்திருக்கும்.

“மல்லி, அக்கா ஜெயிச்சிட்டாங்க” என்றார் கண்டக்டர். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

குழாயடியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. “முடிவச் சொல்லுப்பா. எல்லாரும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கோம்.”

அதன்பின் எத்தனையோ கேடயங்கள் வாங்கினேன்; அன்று தோற்றதைப் போல எதுவும் எனக்குப் பேசக் கற்பிக்கவில்லை. கதவைத் திறந்து வெளியே வந்து, ஐந்து அறைகளுக்கும் கேட்கும்படி சொன்னேன்: “நீங்க இருங்கக்கா. இனிமே இந்த வாசல்ல யாரையும் போகச் சொல்ல வேண்டி வந்தா, மொதல்ல அவங்க பேசி முடிக்கட்டும். அதுக்குப் பொறகுதான் நான் வாயத் தொறப்பேன்.”