தேவலை என்று சொன்ன வாய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதுகளின் கடைசியில் என் கணவரின் இரண்டு சிறுநீரகங்களும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. அவர் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் ஃபோர்மேன். நான் விருதுநகரில் பள்ளிக்கூட டீச்சர். மதுரை ஆஸ்பத்திரி ஒன்றில் அவருடைய வயிற்றில் துளை போட்டு, குழாய் வழியாக இரண்டு பாட்டில் மருந்துத் தண்ணீரை உள்ளே விட்டார்கள். அரைமணி நேரம் கழித்து, ரத்தத்தில் தேங்கிய கழிவோடு அதை வெளியே வடித்தார்கள். வடிந்ததும் அடுத்த இரண்டு பாட்டில். இரண்டு நாளைக்கு இதே கதைதான். குழாய் அசையக்கூடாது என்பதால் அவர் புரளக் கூடாது. அவரை விட்டு நான் நகரக் கூடாது. ஜன்னலுக்கு வெளியே பஸ் போகிற சத்தம் கேட்டால்கூட எனக்கு ஆத்திரமாக வந்தது.

தண்ணீர் இறங்க இறங்க வயிறு பானையாக உப்பும். மூச்சு முட்டும். தோள்பட்டை வலியில் கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்வார். டாக்டர் வந்து "எப்படி இருக்கு?" என்று கேட்டால் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "தேவலைங்கய்யா" என்பார். எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் விசாரித்தால் அப்படித்தான் சொல்வோம். சாகக் கிடக்கிறவனும் தேவலை என்பான். வெளியூர்க்காரரான அந்த டாக்டர் அதை அப்படியே நம்பி, அதே அளவைத் தொடரச் சொல்லிவிட்டுப் போவார்.

"வலிக்குன்னு சொன்னீகன்னா வாயிலருந்து முத்தா உதுந்துரும்?" என்று முதல் நாள் சாயங்காலமே எரிந்து விழுந்தேன்.

"ஒனக்குத் தெரியாது. முடியலைன்னு சொன்னவன் எத்தனை பேரை நான் கம்பெனிய விட்டு அனுப்பிருக்கேன். இவுகளும் குழாயப் பிடுங்கிட்டு அனுப்பிட்டாகன்னா?"

அந்தப் பயம் எனக்கும் தொற்றிக்கொண்டது. சொன்னால் அனுப்பிவிடுவார்களோ? சொல்லாவிட்டால் இந்த வலியிலேயே போய்விடுவாரோ? இருதலைக் கொள்ளி எறும்பை வாக்கியத்தில் அமைக்கச் சொல்லிப் பிள்ளைகளை எத்தனை முறை படுத்தியிருப்பேன்! அன்றைக்குத்தான் எனக்கே அர்த்தம் தெரிந்தது.

மறுநாள் காலை டாக்டரிடம் அவர் பழைய பல்லவியை ஆரம்பித்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "பொய் சொல்லுதாக டாக்டரையா! தண்ணி உள்ள போனா மூச்சு விட முடியலை. உசிரு போயி உசிரு வருது."

கணவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! ஆனால் டாக்டர் கோபிக்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து எங்கே வலி, எப்போது வலி என்று கேட்டார். இரண்டு பாட்டிலை ஒன்றாகக் குறைத்தார். அதையும் வெந்நீரில் வைத்து வெதுவெதுப்பாக்கி, மெதுவாக விடச் சொன்னார். தலைமாட்டை உயர்த்தினார். "நாள் கூட ஆகும், பரவாயில்லை. இனிமே வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும்" என்றார். அன்று மத்தியானம் என் கணவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். நான் வராந்தாவில் நின்று அழுதேன், சந்தோஷத்தில்தான்.

ஆனால் அது குணமாக்குகிற வைத்தியம் இல்லை. சில வாரங்களில் மறுபடி வாந்தி, அரிப்பு. மறுபடி மதுரை, மறுபடி துளை. நாலு தடவை போனோம். ஐந்தாவது தடவை விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் மதுரை வண்டி வந்து நின்றது. அவர் ஏறவில்லை.

"வலிக்குது. இதுக்கு மேல என்னால முடியலை. வீட்டுக்குப் போவோம்."

உண்மையைச் சொல்லுங்கள், சொல்லுங்கள் என்று அவரை நச்சரித்தவள் நான்தான். அந்த நிமிஷம் மட்டும், ஒரே ஒரு பொய் சொல்லிவிட மாட்டாரா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.