ஃபோர்மேன் போட்ட டிக்

பத்தாவது வரை படித்த நான் மனசைப் பற்றி எழுத வந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். படித்தவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் அந்த ஒரு நாளைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் துடியலூரில் ஒரு பம்பு கம்பெனியில் வைண்டிங் வேலை பார்த்தேன். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்ற வேண்டும். காந்திபுரத்தில் ஷோரூம் திறக்கிறோம், பெண்களில் பத்தாவது தேறியவள் நீதான், நீயே போய் உட்கார் என்று முதலாளி சொல்லிவிட்டார். யாராவது பெயர் கேட்டாலே பக்கத்தில் இருப்பவர் சொல்லட்டும் என்று பார்ப்பேன். மாட்டேன் என்று சொல்லவும் வாய் வரவில்லை. வேறு ஆள் கிடைக்கட்டும் என்று பத்து நாளாக வேண்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது சென்னையிலிருந்து பயிற்சி கொடுக்க ஒருவர் வந்தார். மனம் வேலை செய்யும் வழிகள் எட்டு என்றார். புலன், உள்ளுணர்வு, சிந்தனை, உணர்ச்சி என்று நான்கு. ஒவ்வொன்றிலும் உள்ளே பார்ப்பது, வெளியே பார்ப்பது என்று இரண்டு. அதில் எது முன்னால் நிற்கிறதோ அதுவே அவரவர் பலமாம். ஷோரூமுக்கு யார் பொருத்தம் என்பதும் இதில் தெரிந்துவிடும் என்று கேள்வித்தாளைக் கொடுத்து டிக் போடச் சொன்னார்.

எங்கள் வேலையை மேற்பார்க்கும் ஃபோர்மேன், வயதில் பெரியவர், உட்கார்ந்திருக்கும்போது முந்திக்கொள்வார்களா எங்கள் ஊரில்?

“ஃபோர்மேன் அண்ணா, மொதல்ல நீங்க போடுங்க.”

“ஏனுங்க, அண்ணன் எதுல போட்டாருங்க?” என்று ஆளாளுக்குக் கேட்டு அதிலேயே போட்டார்கள்.

தாள்களைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இருபத்து நான்கு தாளில் இருபத்து மூன்றிலும் ஃபோர்மேனின் மனசு! மூலையில் உட்கார்ந்து, யாரையும் கேட்கக் கூச்சப்பட்ட என் தாள் மட்டும் வேறாக இருந்தது.

“ஆளுக்கொரு மனசு இருக்குதுங்க சார். மரியாதைன்னும் ஒண்ணு இருக்குதுங்களே” என்று என் பக்கத்தில் கம்பி சுற்றும் அக்கா சொன்னதும் ஃபோர்மேனே சிரித்துவிட்டார்.

பயிற்சியாளர் என் தாளைக் காட்டினார். “இவங்களுக்கு உள்ளே பார்க்கிற புலன். இப்போ பார்க்கிறதை முன்னாடி பார்த்ததோட வெச்சுப் பார்ப்பாங்க. சின்ன வித்தியாசம்கூடத் தப்பாது.”

ஒரு சுற்று குறைந்தாலும் என் கைக்குத் தெரியுமே, அதற்கு ஒரு பெயர் இருக்கிறதா! வாயில்லாப் பூச்சி என்று மட்டுமே பெயர் வாங்கியவளுக்குப் பலம் என்று ஒன்றா!

“அப்ப ஷோரூமுக்கு?” என்றார் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த முதலாளி.

என் கை தானாக உயர்ந்தது. “அக்கா போகட்டுங்க. ஆடி மாசம் மோட்டார் எரிஞ்சுபோச்சுன்னு தொண்டாமுத்தூர்க்காரர் ஒருத்தர் சண்டைக்கு வந்தாருங்க. பச்சைத் துண்டு, எடது செருப்புல வாரு அந்து தொங்குச்சுங்க. ‘செருப்ப மலையெறங்குன ஆனை கீனை மிதிச்சுப்போட்டுதுங்களா?’ன்னு அக்கா கேட்டாங்க. சிரிச்சுப்போட்டாருங்க. டீ குடிச்சுட்டு இன்னொரு மோட்டாரும் வாங்கிட்டுப் போனாருங்க.”

“அடி அம்மணி, இத்தன நாளா இந்த வாய எங்க வெச்சிருந்த?” என்றார் அக்கா.

“வந்தவர் கோபத்தை இறக்கி வைக்கிறதும் அந்த எட்டில் ஒண்ணுதான். வெளியே பார்க்கிற உணர்ச்சி” என்றார் பயிற்சியாளர்.

முதலாளி அக்காவைப் பார்த்தார். “பத்தாவது இல்லியே?”

“எட்டாவதுங்க. பில்லு எழுதுவனுங்க.”

சரி என்றார்.

மறுநாள் அக்கா காந்திபுரம் பஸ் ஏறினார். துடியலூரில் மதியம் வரை கரண்ட் இல்லை. இருட்டிலேயே கம்பி சுற்றினேன்; ஒரு சுற்றும் குறையவில்லை.